அதே கடை, அதே பீட்சா: இரண்டு வாரத்தில் இவ்வளவு வித்தியாசமா?

ஓரத்துமேசை:
சந்திப்புக்குப் பக்கத்தில் படியேறிப் போகிற மாதிரி ஒரு பீட்சா கடை இருக்கிறதே, அங்கே சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எனக்குக் குழப்பமாக இருக்கிறது. முதல் முறை நானும் மனைவியும் மகளும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்குப் போனோம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பீட்சா வந்தது. அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகளோடு மொறுமொறுவென்று இருந்தது, துண்டைக் கையில் தூக்கினால் வளையாமல் நின்றது, ஓரத்தைக் கடித்தால் சத்தம் கேட்டது. பேச்சே இல்லாமல் சாப்பிட்டு முடித்தோம். மறுநாள் அலுவலகத்தில் பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னேன்.

அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன சனிக்கிழமை அண்ணன் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு ஏழு பேராக எட்டரைக்குப் போய் உட்கார்ந்தோம். ஐம்பது நிமிடம். பிள்ளைகள் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பிவிட்டார்கள். கடைசியில் வந்த பீட்சாவில் மேலே சீஸ் கருகித் திட்டுத் திட்டாக இருக்கிறது, கீழே பார்த்தால் வெள்ளை வெளேரென்று வேகாத மாவு. துண்டை எடுத்ததும் நுனி தொங்கி, மேலே இருந்த எல்லாம் வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி மட்டும் "பரவாயில்லை, பசிக்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

பில்லில் நாங்கள் கேட்காத ஒரு பூண்டு ரொட்டி வேறு ஏறியிருந்தது, சொன்னதும் எடுத்துவிட்டார்கள், அதில் குறை இல்லை. என் கேள்வி, இந்த இரண்டில் எது உண்மையான கடை?

காரமிளகாய்:
செவ்வாய்க்கிழமைக் கடைதான் உண்மையான கடை! நான் கிட்டத்தட்ட மாதம் மூன்று முறை அப்பாவோடு போகிறேன், ஒரு முறைகூட நீங்கள் சொல்வது போல் நடந்ததில்லை. நாங்கள் போவது எப்போதும் வேலை நாளில், ஆறு மணிக்கு. அப்பாவுக்கு உப்பு குறைவாக வேண்டும் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னோம், அதற்குப் பிறகு அந்தப் பரிமாறுகிற அக்காவே "ஆலிவ் இல்லாமல்தானே?" என்று கேட்டுவிடுகிறார். ஒரு நாள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டதற்காகக் கடையையே சந்தேகப்பட வேண்டாம்.

கடிகாரமுள்:
மன்னிக்கவும், எனக்கு அந்தச் சமாதானம் ஒத்துவரவில்லை. நானும் அங்கே இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டும் வார இறுதி, இரண்டு முறையும் நாற்பது நிமிடத்துக்கு மேல். முதல் முறை எனக்கு வந்த பீட்சா பக்கத்து மேசைக்கானது, அதைத் திருப்பி எடுத்துப் போய் அவர்களிடம் வைத்தார்கள், நான் அதற்குள் ஒரு துண்டில் மிளகாய்த் தூளைத் தூவிவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தெரிந்த முகத்துக்கு ஒரு கவனிப்பு, புதிதாக வருகிறவனுக்கு ஒரு கவனிப்பு என்றால் அது நல்ல கடையா? காரமிளகாய் சொல்வதையே பாருங்கள், அவர் கடையைப் புகழவில்லை, அந்தப் பரிமாறுகிற அக்காவைப் புகழ்கிறார்.

காரமிளகாய்:
அந்த அக்காவும் கடையில் ஓர் அங்கம்தானே? பீட்சா தானாகவே நடந்து மேசைக்கு வருகிறதா?

மாவுக்கை:
நான் அந்தக் கடையில் வேலை பார்த்ததில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வேறொரு பீட்சா சமையலறையில் ஆறு வருடம் அடுப்புக்கு முன்னால் நின்றவன். தம்பி ஓரத்துமேசை, உங்களுக்கு நடந்ததை நீங்களே சரியாக எழுதிவிட்டீர்கள், "மேலே கருகல், கீழே வெள்ளை" என்று. அந்த ஒரு வரி போதும். அது சமையல்காரருக்குக் கைவரவில்லை என்பதல்ல, அடுப்பின் தரை ஆறிவிட்டது.

கொஞ்சம் விளக்குகிறேன். அங்கே இருப்பது எரிவாயுவில் எரிகிற கல்தள அடுப்பு, வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். இந்த மாதிரி அடுப்பில் 300 டிகிரி செல்சியஸ் பக்கம் சூட்டை வைத்துக்கொண்டால் ஒரு பீட்சா ஆறு ஏழு நிமிடத்தில் வெந்துவிடும். பீட்சாவுக்கு இரண்டு பக்கமிருந்து சூடு வருகிறது. மேலிருந்து வருவது சீஸை உருக்கிப் பழுப்பாக்கும், கீழே உள்ள கல் மாவை மொறுமொறுப்பாக்கும். ஈரமான குளிர்ந்த மாவைக் கல்லின் மேல் வைத்ததும் அது கல்லில் இருக்கிற சூட்டை உறிஞ்சிவிடுகிறது, ஏனென்றால் மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாவதற்கு நிறையச் சூடு வேண்டும். ஒரு பீட்சாவை எடுத்த பிறகு அந்த இடம் பழைய சூட்டுக்குத் திரும்ப இரண்டு மூன்று நிமிடமாவது விடவேண்டும். செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு அந்த இடைவெளி தானாகவே கிடைக்கும். சனிக்கிழமை எட்டரைக்கு ஒன்றை எடுத்த கையோடு அதே இடத்தில் அடுத்ததை வைப்பார்கள், கதவும் திறந்தபடியே இருக்கும். எங்கள் அடுப்பில் கூட்ட நேரத்தில் வெப்பமானியைக் காட்டினால் தரை 310-லிருந்து 250-க்கு இறங்கியிருக்கும். ஆனால் மேல்சூடு அப்படி இறங்காது, நெருப்பைக் கூட்டினால் போதும். அதனால் அவசரத்தில் மேலே கூட்டிவிடுவோம். மேலே பார்த்தால் வெந்த மாதிரி இருக்கும், எடுத்துக் கொடுத்துவிடுவோம். அடியைத் தூக்கிப் பார்க்க யாருக்கு நேரம்?

ஓரத்துமேசை:
அண்ணா, இவ்வளவு நாள் நான் சமையல்காரரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்படியானால் அன்று என்ன செய்திருக்க வேண்டும், திருப்பி அனுப்பியிருக்கலாமா?

மாவுக்கை:
அனுப்பியிருக்கலாம். "அடி வேகவில்லை, இன்னும் இரண்டு நிமிடம் கல்லில் வையுங்கள்" என்று அடியைக் காட்டிச் சொன்னால் எந்தச் சமையல்காரருக்கும் புரியும். "நன்றாக இல்லை" என்று மட்டும் சொன்னால் உப்பா, காரமா, சூடா என்று ஒன்றும் விளங்காது. ஆனால் ஒன்று, ஒரு துண்டு எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். வெட்டிக் கலைத்த பீட்சாவைத் திரும்பக் கல்லில் வைத்தால் சீஸ் வெட்டின இடைவெளியில் ஒழுகி அடுப்பெல்லாம் புகையும்.

கடிகாரமுள்:
அடுப்பு விஞ்ஞானம் எல்லாம் சரி, மறுக்கவில்லை, ஆனால் இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் கூடத்தான் செய்கிறது. உங்கள் அடுப்பு ஒரு மணி நேரத்தில் எத்தனை தாங்கும் என்று கடைக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் அதற்கு மேல் ஆர்டர் எடுக்கிறார். நான் சாப்பிட்டது ஆறிப்போன கல்லின் குற்றம் இல்லை, அந்த ஆர்டரை எடுத்தவரின் குற்றம். "முக்கால் மணி நேரம் ஆகும், பரவாயில்லையா?" என்று உட்காரும்போதே சொல்லியிருந்தால் நான் வேறு எங்காவது போயிருப்பேன், அல்லது தெரிந்தே காத்திருப்பேன். தெரிந்து காத்திருக்கிற நாற்பது நிமிடமும் தெரியாமல் காத்திருக்கிற நாற்பது நிமிடமும் ஒன்றல்ல.

மாவுக்கை:
இதில் நான் உங்கள் பக்கம்தான். நான் காரணம் சொன்னேன், சமாதானம் சொல்லவில்லை.

கணக்குப்புலி:
கணக்கு என்றதும் உள்ளே வந்துவிட்டேன். நான் அந்த அடுப்பை எட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு நேரத்தில் நான்கு பீட்சாதான் பிடிக்கும் போலிருக்கிறது. ஒன்றுக்கு வைப்பது எடுப்பது உட்பட 7 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 34. கல் ஆறி 10 நிமிடம் எடுத்தால் மணிக்கு 24. அதாவது கூட்டம் கூடக்கூட அடுப்பின் வேகம் குறைகிறது! வரிசை நீள்கிறபோது கவுண்டரும் மெதுவாகிற மாதிரி. அங்கே மேசைகள் பதினான்கோ பதினைந்தோ, மேசைக்கு இரண்டு பீட்சா என்றால் 30 வந்துவிட்டது. இதற்கு மேல் டெலிவரி ஆர்டர்கள் வேறு. ஓரத்துமேசையின் ஐம்பது நிமிடம் எனக்கு ஆச்சரியமே தரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போகிறேன், கேட்காவிட்டாலும். ஏழு பேருக்கு 12 அங்குலத்தில் எத்தனை வாங்கினீர்கள்? இரண்டு 12 அங்குலத்தைவிட ஒரே ஒரு 18 அங்குலம் பெரியது. விட்டத்தின் வர்க்கத்தைப் பாருங்கள், 144-ஐ இரண்டால் பெருக்கினால் 288, 18-இன் வர்க்கம் 324. நிறையப் பேர் நம்பமாட்டார்கள், மேசையில் காகிதம் எடுத்துப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஓரமும் குறைவு.

மாவுக்கை:
18 அங்குலத்தை அந்த அடுப்பில் வைத்தால் நான்கு பிடிக்காது ஐயா. தவிர பெரியதன் நடுப்பகுதி வேகத்தான் அதிக நேரம் ஆகும். காகிதத்தில் வெந்துவிடும்.

கணக்குப்புலி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரப்பளவு பரப்பளவுதான்.

மெல்லியஓரம்:
நடு ஈரமாக இருந்தது, நுனி தொங்கியது என்பதை ஏன் குறையாகவே பேசுகிறீர்கள் என்று புரியவில்லை. இத்தாலியின் நாப்போலி நகரத்து முறையில் பீட்சாவின் நடு மென்மையாகத்தான் இருக்கும், மடித்துச் சாப்பிடுவார்கள், முள்கரண்டியும் கத்தியும் வைத்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. மொறுமொறு என்பது மட்டும்தான் பீட்சா என்று யார் சொன்னது? கடையின் பலகையில் "நாப்போலி பாணி" என்றுதான் எழுதியிருக்கிறது.

மாவுக்கை:
பலகையில் எழுதலாம், அடுப்பில் எழுத வேண்டுமே. நாப்போலி பீட்சாவுக்கு அங்கே 1984-இல் ஒரு சங்கமே தொடங்கி விதிமுறை வகுத்தார்கள். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பாரம்பரியச் சிறப்பு உணவாகப் பதிவு செய்தபோது விறகு அடுப்பு, தரைச்சூடு சுமார் 485 டிகிரி, வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. விட்டம் 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவு சூட்டில் ஒன்றரை நிமிடத்தில் வெளியே எடுப்பதால்தான் உள்ளே ஈரம் தங்கி மென்மையாக இருக்கிறது, ஆனால் வெந்திருக்கும், அடியிலும் ஓரத்திலும் சிறுத்தைப் புள்ளி மாதிரி கருமை இருக்கும். அதே மென்மையை 250 டிகிரியில் எட்டு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு "நாப்போலி பாணி" என்று சொன்னால் அது மென்மை இல்லை, பச்சை மாவு. இரண்டுக்கும் வாயில் வித்தியாசம் தெரியும். வெந்த மென்மை கடித்தால் கொஞ்சம் இழுத்துக்கொடுக்கும், பச்சை மாவு பல்லில் ஒட்டும்.

மெல்லியஓரம்:
பல்லில் ஒட்டியதா ஓரத்துமேசை?

ஓரத்துமேசை:
ஒட்டியது. வீட்டுக்கு வந்து பல் தேய்த்த பிறகுதான் போயிற்று.

மெல்லியஓரம்:
சரி, அப்படியானால் பச்சை மாவுதான். ஆனால் எனக்கு அங்கே கிடைத்த மார்கரீட்டா மென்மையாகவும் வெந்தும் இருந்தது, அதை நான் வாபஸ் வாங்கப்போவதில்லை. நான் அதன் மேல் வேறு எதுவும் போடச் சொல்லவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

மாவுக்கை:
நிச்சயமாகக் காரணம்தான். தம்பி, உங்கள் சனிக்கிழமை பீட்சாவில் மேலே என்னென்ன இருந்தது?

ஓரத்துமேசை:
காளான், குடைமிளகாய், தக்காளித் துண்டு, வெங்காயம், கூடுதல் சீஸ். அண்ணன் பிள்ளைகள் ஒருவர் விடாமல் ஒன்று சொன்னார்கள்.

மாவுக்கை:
காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். குடைமிளகாயும் தக்காளியும் அதே ஜாதி. பச்சையாகப் போட்டால் வேகும்போது எல்லாம் தண்ணீரை விடும், அது சாஸோடு சேர்ந்து நடுவில் குளம் கட்டும், ஏற்கெனவே ஆறின கல் அதற்குக் கீழே. நல்ல கடைகளில் காளானை முதலிலேயே வதக்கித் தண்ணீரை வற்றவைத்து எடுத்து வைப்பார்கள். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். கூட்ட நாளில் மேலே இரண்டு பொருளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உங்கள் பீட்சாவை நீங்களே காப்பாற்றிக்கொள்கிற வழி அது.

அன்னாசிக்கட்சி:
அன்னாசிப் பழத்தையும் தண்ணீர்ப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள் அண்ணா, வடிகட்டித்தான் போடுகிறார்கள். நான் அங்கே எப்போது போனாலும் அதுதான் சொல்வேன், ஒவ்வொரு முறையும் ஆர்டர் எடுக்கிறவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும், எனக்கு அந்தச் சிரிப்புதான் அங்கே ஒரே மனக்குறை.

மெல்லியஓரம்:
சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அன்னாசிக்கட்சி:
1962-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு கிரேக்கர் தன் உணவகத்தில் சோதித்துப் பார்த்துக் கொண்டுவந்தது, ஹவாயில் பிறந்ததுகூட இல்லை. ஐஸ்லாந்தின் அதிபரே 2017-இல் தடை செய்யலாம் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் விளையாட்டாகச் சொல்லப்போய், அப்புறம் எனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அறுபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்த ஒன்றைப் பார்த்துச் சிரிப்பது சரியில்லை.

கோதுமைவேண்டாம்:
இழை அன்னாசிப் பக்கம் போவதற்கு முன்னால் என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன், இது வேறு மாதிரி. எனக்குச் சீலியாக் நோய், கோதுமையில் இருக்கும் குளூட்டன் கொஞ்சம் பட்டாலும் குடல் பாதிக்கும், ஒவ்வாமை என்று சொல்வது சரியான சொல் இல்லை என்றாலும் புரிவதற்காக அப்படித்தான் சொல்லித் தொலைக்கிறேன். தோழியின் பிறந்தநாளுக்கு அங்கே போக வேண்டியிருந்தது. பட்டியலில் "குளூட்டன் இல்லாத அடித்தளம்" என்று போட்டிருந்தது. ஆர்டர் சொல்லும்போது இது விருப்பத்துக்காக இல்லை, நோய்க்காக என்று சொன்னேன். அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "அடித்தளத்தில் கோதுமை இல்லை, ஆனால் அதே கல்லில்தான் வைப்போம், அதே துடுப்புக் கட்டைதான், மாவுத் தூசி எல்லா இடத்திலும் இருக்கும், உங்களுக்குப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியாது" என்றார்.

குளூட்டன் இல்லாதது என்று சொல்ல உலக அளவில் வைத்திருக்கிற வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். சமையல்காரர் கையில் ஒட்டின மாவை உதறினாலே தாண்டிவிடும். நான் அன்று அங்கே பழச்சாறு மட்டும் குடித்தேன், வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டேன். ஆனால் அந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். வேறொரு இடத்தில் "எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்து நான்கு நாள் படுத்திருக்கிறேன்.

காரமிளகாய்:
அது அந்த அக்காவாகத்தான் இருக்கும்! நெற்றியில் சின்னத் தழும்பு... சரி வேண்டாம், ஆள் அடையாளம் எழுதக்கூடாது.

கடிகாரமுள்:
சரி, இதற்கு நான் தலைவணங்குகிறேன். அன்று ஒன்றும் சாப்பிடாதவர் நல்ல மதிப்பெண் கொடுக்கிறார், முழுப் பீட்சா சாப்பிட்டவர்கள் சண்டை போடுகிறோம்.

இரவுப்பறவை:
எல்லோரும் இப்படிக் குறை சொல்வது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நான் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை, வாங்கிக்கொண்டுதான் போவேன். போன சனிக்கிழமைகூட வீட்டில் விருந்து, ஒன்பது பெட்டி சொன்னேன், எட்டரைக்குச் சொல்லி ஒன்பதுக்கெல்லாம் கையில் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு வேகமான கடை நான் பார்த்ததில்லை.

ஓரத்துமேசை:
போன சனிக்கிழமையா? எட்டரைக்கா?

கணக்குப்புலி:
ஒன்பதை நான்கால் வகுத்தால் இரண்டே கால். அதாவது இரண்டு முறை அடுப்பு நிறைந்து மூன்றாவது முறையும் ஒன்று. இருபது நிமிடத்துக்கு மேல் அடுப்பு முழுக்க இவருடையது.

கடிகாரமுள்:
குற்றவாளி தானே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இரவுப்பறவை:
ஐயோ. எனக்கு எப்படித் தெரியும்? நான் கவுண்டரில் நின்றபோது ஒரு மேசையில் நிறையப் பிள்ளைகள் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள், அது நீங்களா?

ஓரத்துமேசை:
அது எங்கள் மேசைதான். கரண்டி என் மகள்.

இரவுப்பறவை:
சகோ, மன்னித்துவிடுங்கள். இதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்: வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தபோது ஒன்பதில் ஏழு பீட்சா அடியில் நமுத்துப்போய்த்தான் இருந்தது. அதை நான் தூரத்தின் மேல் போட்டேன், அடுப்பைப் பற்றி இப்போதுதான் தெரிகிறது.

மாவுக்கை:
இரண்டும் சேர்ந்திருக்கும். அட்டைப் பெட்டிக்குள் பீட்சாவின் ஆவி போக வழியில்லை, அது மேல் அட்டையில் பட்டுத் தண்ணீராகி மறுபடியும் பீட்சா மேலேயே இறங்கும், அடியிலும் அப்படித்தான். அதற்காகத்தான் பெட்டியின் பக்கத்தில் சின்னத் துளைகள். ஒன்பது பெட்டியை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பவை ஒன்றையொன்று புழுங்க வைக்கும். வழியில் மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், சூடு குறைந்தாலும் பரவாயில்லை, சூட்டைத் திரும்ப ஏற்றலாம், மொறுமொறுப்பு போனால் கஷ்டம்.

இரவுப்பறவை:
மீதியை மைக்ரோவேவில் வைத்தேன், செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது.

மாவுக்கை:
மைக்ரோவேவ் வேண்டாம். தடித்த இரும்பு வாணலியை மிதமான தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் துண்டை அதில் வைத்து அடி மொறுமொறுப்பாகும் வரை இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அப்புறம் பீட்சாவில் படாமல் வாணலியின் ஓரத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடுங்கள், அந்த ஆவியில் மேலே சீஸ் உருகிவிடும். கடையில் சாப்பிட்டதைவிட நன்றாக வந்தால் என்னைக் கேட்கக்கூடாது.

கடிகாரமுள்:
எனக்கு உறுத்துவது இதுதான். உள்ளே ஐம்பது நிமிடமாக உட்கார்ந்திருக்கிற குடும்பத்தைத் தாண்டி, வெளியே நிற்கிறவருக்கு அரை மணியில் ஒன்பது பெட்டி கொடுக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவன் எழுந்து போகமாட்டான் என்ற தைரியம். வரிசைப்படி கொடுத்திருந்தால் இருவருக்கும் நாற்பது நிமிடம் ஆகியிருக்கும், யாரும் இங்கே வந்து எழுதியிருக்க மாட்டார்கள்.

காரமிளகாய்:
டெலிவரியில் தாமதமானால் ஆர்டரை ரத்து செய்துவிடுவார்கள், மோசமாக எழுதிவிடுவார்கள், அந்தப் பயமும் இருக்கும் இல்லையா.

கடிகாரமுள்:
நாமும் எழுதத்தானே செய்கிறோம்.

ஓரத்துமேசை:
பத்து நாள் கழித்து வருகிறேன். மறுபடியும் போனேன், மூன்றாவது முறை, புதன்கிழமை ஏழு மணி, நானும் மகளும் மட்டும். மாவுக்கை அண்ணன் சொன்னபடி மேலே இரண்டே பொருள், துளசி இலையும் ஆலிவும். பதினைந்து நிமிடத்தில் வந்தது. வந்ததும் முதல் வேலையாக ஓரத்தைத் தூக்கி அடியைப் பார்த்தேன், பரிமாறியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடி நன்றாக இருந்தது. ஆனால் முதல் முறை போல ஓரம் வெடிப்பாக, பழுப்பாக இல்லை, கொஞ்சம் வெளுத்துத் தட்டையாக இருந்தது. சுவை குறை சொல்ல முடியாது, புளிப்பு மட்டும் லேசாகத் தெரிந்தது. இது என்ன கணக்கு அண்ணா?

மாவுக்கை:
மாவு கொஞ்சம் அதிகமாகப் புளித்துவிட்டது. ஈஸ்ட் மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அளவு தாண்டினால் ஓரம் பழுப்பாவதற்குச் சர்க்கரை மிச்சமிருக்காது, உள்ளே இருக்கும் காற்றைப் பிடித்துவைக்கிற வலுவும் மாவுக்கு இருக்காது. முந்தின நாள் விற்காத உருண்டைகளை மறுநாளும் பயன்படுத்தினால் இப்படி ஆகும். குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு நாள் வைப்பது நல்லதுதான், சுவை கூடும், மூன்று நான்கு நாள் ஆகும்போதுதான் தொல்லை. கூட்டமில்லாத நாளுக்கு அதுதான் ஆபத்து, சனிக்கிழமை மாவு மிஞ்சாது, கல் ஆறும். புதன்கிழமை கல் ஆறாது, மாவு மிஞ்சும்.

மெல்லியஓரம்:
அப்படியானால் எப்போதுதான் போவது?

மாவுக்கை:
வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு முன்னால். வார இறுதிக்கு அன்று புது மாவு போட்டிருப்பார்கள், கூட்டம் இன்னும் வந்திருக்காது. என் ஊகம்தான்.

கடிகாரமுள்:
நான் ஒரு சோதனை செய்தேன். பிடிவாதத்துக்காகவே போன சனிக்கிழமை சரியாக எட்டரைக்குப் போய் உட்கார்ந்தேன். உட்காரும்போதே எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன், "நாற்பது நிமிடம்" என்று அவரே தயங்காமல் சொன்னார். கையோடு புத்தகம் கொண்டுபோயிருந்தேன். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் வந்தது. அடி பழுப்பு, ஓரம் வெடிப்பு, நடு காய்ந்து, சீஸ் கருகாமல். நான் இதுவரை அங்கே சாப்பிட்டதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. குறை சொல்லப் போனவனுக்கு இது நியாயமா?

கணக்குப்புலி:
அடுப்புக் கணக்கு என்னாயிற்று அண்ணா?

மாவுக்கை:
அன்று அடுப்பில் நின்றவர் அவசரப்படாமல் கல்லை ஆறவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இடம் மாற்றி மாற்றி வைத்தால் முடியும், வாசல் பக்கம் ஒன்று, உள்ளே ஒன்று, காலியான இடத்துக்கு இரண்டு நிமிடம் ஓய்வு. அதைச் செய்ய நெஞ்சுறுதி வேண்டும், ஏனென்றால் பின்னால் நின்று "எங்கே, எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த ஆளை அந்தக் கடை விட்டுவிடாமல் இருந்தால் சரி.

காரமிளகாய்:
நான் முதலிலிருந்தே சொல்கிறேன், ஆள்தான் முக்கியம் என்று.

இரவுப்பறவை:
எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு. வருகிற சனிக்கிழமை எங்கள் வீட்டில் மறுபடியும் விருந்து, ஏழு பெட்டி. இந்த முறை இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டேன், ஆறு மணிக்கே எடுத்துக்கொள்கிறேன், வழியெல்லாம் மூடியைத் திறந்து வைக்கிறேன். ஓரத்துமேசை சகோ, எட்டரைக்கு அடுப்பு உங்களுடையது.

ஓரத்துமேசை:
அண்ணனைக் கேட்டேன். வரமாட்டேன் என்கிறார். அண்ணி வருகிறாராம்.